பொய்யும் புனைவும்

செம்பரம்பாக்கம் ஏரிக்குத் தென்கிழக்கே, அணித்தாக அமைந்தது குன்றத்தூர். தொண்டை நாட்டுப் புலியூர்க் கோட்டத்தைச் சார்ந்த இவ்வூரே அருண்மொழித்தேவராகிய சேக்கிழார் பெருமான் அவதரித்த பதி என்பது சைவ உலகம் நன்கறிந்தது. ‘பிக்ஷன்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் பொருளையும் வழக்கையும் ஆராயப் புகுவார்க்கு இவ்வூரினும் தக்க தொடக்கம் கிடைத்தல் அரிது. ஒரு கதையைப் பொய்யென்று தள்ளுவதா, புனைவென்று கொள்ளுவதா என்னும் வழக்கு இத்தமிழகத்தே ஓர் அரசவை நடுவே எழுந்ததும், அதன் பயனாகப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒரு பெருநூல் தோன்றியதும் இவ்வூர்ப் பெருமகனார் வரலாற்றிலேயே சொல்லப்படுகின்றன. அவ்வரலாற்றுக்குப் போகுமுன், அச்சொல் இக்காலத்தில் தமிழில் எவ்வாறு வழங்கப்படுகின்றது என்பதைப் பார்த்தல் வேண்டும்.

நூல்களையெல்லாம் ‘புனைவு’, ‘அபுனைவு’ என இரு கூறாக்கி அடுக்கி வைக்கும் வழக்கம் இந்நாளில் நிலைபெற்றுவிட்டது. ‘அபுனைவு’ என்பது தூய தமிழ்ப் பகுதியின் தலையில் வடமொழி எதிர்மறை முன்னொட்டை ஏற்றி ஆக்கிய சொல். ‘அல்புனைவு’ என்பார் அதனினும் சிறிது இலக்கணம் பேணினர். ஆயினும், ஒரு பொருளை மற்றொன்று அன்மையால் மட்டும் பெயரிட்டுச் சுட்டுதல், ஆவினை ‘எருமையல்லாதது’ என்று அழைத்தலை ஒக்கும். அது கிடக்க. இவ்விரு தட்டுக்களுள் திருத்தொண்டர் புராணத்தை எத்தட்டில் வைப்பது? புனைவின் பாற்படும் என்று ஒருவர் எழுதினால், நாயன்மார் வரலாற்றைப் பொய்யென்றனரே என அன்பர்கள் வெகுளுகின்றனர். எழுதினவரோ, இறந்தவர் எழுதலும் இறைவன் வேடந்தாங்கி வருதலும் உள்ள நூலை வேறு எங்ஙனம் பெயரிடுவது என்கின்றனர். இவ்விரு திறத்தாரும் பகைவர்போலத் தோன்றினும் ஒரு கொள்கையில் உடன்பட்டவர்களே. புனைவு என்பது பொய்யின் நாகரிகப் பெயர் என்பதே அக்கொள்கை. அது பிழை.

ஆங்கிலச் சொல்லின் வேரை முதலிற் காண்க. இலத்தீன் மொழியில் ‘பிங்கெரே’ என்னும் வினையினின்று பிறந்தது அது. களிமண்ணைக் கையாற் பிசைந்து உருவாக்குதலே அவ்வினையின் பழம்பொருள். குயவனைக் குறிக்கும் ‘பிகுலுஸ்’ என்னும் இலத்தீன் பெயரும் அவ்வேரினதே. பாசாங்கு செய்தல் என்னும் பொருள் பிற்காலத்தே அவ்வினைமேல் ஏறியது. தமிழிலோ இப்பொருள் நெறி இன்னும் தெளிவாக விளங்குகின்றது. ‘வனைதல்’ என்பது குயவன் கலம் செய்தலையும், அழகு செய்தலையும், ஓவியம் எழுதுதலையும் ஒருங்கே உணர்த்தும். ‘புனைதல்’ என்பது அணிதல், தொடுத்தல், ஓவியம் தீட்டுதல், செய்யுள் யாத்தல் எனப் பலவாறு விரியும். இவ்வினைகள் எல்லாவற்றினுள்ளும் முன்னரே உள்ள ஒரு பொருள் வேண்டப்படுதலை நோக்குக. மண்ணின்றி வனைதல் இல்லை; பூவின்றிப் புனைதல் இல்லை. ‘கட்டுதல்’ என்னும் வினையும் அத்தகையதே. மாலை கட்டுவர், வீடு கட்டுவர், பாட்டுக் கட்டுவர். ‘கட்டுக்கதை’ என்னும் தொடரில் மட்டும் அச்சொல் இழிவுற்றது. வேறு சிறப்பில்லாத வழியும் சொல்லுக்கு இழிவு வந்து சேர்தல் உலகியற்கையே.

தமிழில் உரைநடைப் பெருங்கதை தோன்றிய காலத்தில் அதனை எழுதினோர் அதற்கு இட்ட பெயர்களும் ஈண்டு கருதற்பாலன. மாயூரம் வேதநாயகம் பிள்ளை 1879-இல் வெளியிட்டது ‘பிரதாப முதலியார் சரித்திரம்’. ராஜமையர் 1893 முதல் ‘விவேக சிந்தாமணி’யில் எழுதிவந்தது ‘கமலாம்பாள் சரித்திரம்’. மாதவையா 1898-இல் வெளியிட்டது ‘பத்மாவதி சரித்திரம்’. மூன்றும் கதைகள், மூன்றும் சரித்திரப் பெயர் பூண்டன. பிறந்து வாழாத மாந்தரின் வாழ்வுக்கு மெய்வரலாற்றின் பெயரை இட்டும், அவற்றைப் படித்தோர் எவரும் ஏமாற்றப்பட்டதாக முறையிட்டிலர். பின்னர் ‘நாவல்’, ‘நவீனம்’, ‘புதினம்’ என்பன வந்தன. ‘புதினம்’ என்னும் சொல் யாழ்ப்பாணத்தார்க்குச் செய்தி என்னும் பொருளது, இங்குள்ளார்க்குக் கதை. கடல் ஒரு சிறிது இடையிட, உள்ளது உரைத்தலும் இல்லது புனைதலும் ஒரு பெயரையே பங்கிட்டுக்கொண்டன. சித்தாந்த நெறியில் உறைத்து நின்ற மறைமலையடிகளும் ரெயினால்ட்ஸ் என்பாரது ஆங்கிலக் கதையொன்றைத் தழுவிக் ‘குமுதவல்லி அல்லது நாகநாட்டரசி’ எழுதியதும், 1921-இல் ‘கோகிலாம்பாள் கடிதங்கள்’ வெளியிட்டதும் அறியத்தக்கன. அடிகள் வாழ்ந்த பல்லாவரம் குன்றத்தூரினின்று சேய்மைப்பட்டதன்று. சிந்தாமணியைப் பொய்யென்று தள்ளியவராகச் சொல்லப்படும் பெரியாரின் ஊர்ப்புறத்தேயிருந்து, சைவத் துறவியொருவர் கதை எழுதினார். இதனை முரணென்பார் உளரேல், அவர் பழைய உரையாசிரியரை நன்கு பயின்றிலர் என்பதே விடை.

தொல்காப்பியர் அகத்திணைப் பாடலுக்கு அடிப்படையாக நாடக வழக்கு, உலகியல் வழக்கு என இரண்டனைச் சுட்டினார். இளம்பூரணர் நாடக வழக்கென்பது சுவைபட வருவனவற்றையெல்லாம் ஓரிடத்தே வந்தனவாகத் தொகுத்துரைத்தல் என்னும் கருத்தினர். செல்வத்தானும் குலத்தானும் ஒத்த இருவர் தனியிடத்தே எதிர்ப்படுதலும், அன்பாற் கூடுதலும், எவ்விடையூறும் வாராமையும் உலகிற் சிதறிக் கிடப்பன; புலவன் அவற்றை ஒருங்கு கொணர்கின்றான். இறையனார் களவியலுரைகாரர் இதனினும் ஓரடி மேற்சென்று, களவொழுக்கம் உலகில் இல்லாததேயாயினும் இனிதாகவும் நல்லதாகவும் புலவர் நாட்டியது என்பர். ‘இல்லது’ என்னும் சொல்லை அவர் அஞ்சாது ஆண்டனர். நச்சினார்க்கினியர் அதனை அவ்வளவில் விடவில்லை. புனைந்துரை என்றாலும் புலவர் எவ்விடத்தும் எக்காலத்தும் இல்லாதனவற்றைக் கூறார். நல்லோரிடத்து உள்ளனவற்றை மற்றையோர் அறிந்து ஒழுகுதற்பொருட்டு, அவற்றோடு சிறிது இல்லனவும் கூட்டுவர். ஆதலினன்றே ஆசிரியர் வாளா ‘நாடகம்’ என்னாது ‘வழக்கு’ என்னும் சொல்லையும் சேர்த்து ஓதினார் என்பது அவர் உரையின் கருத்து. ‘சிறிது’ என்னும் அளவும், ‘உள்ளனவற்றோடு’ என்னும் சார்பும் இவ்விளக்கத்தின் உயிர்நிலை. இதனை எழுதியவரே சீவக சிந்தாமணிக்கும் உரை வகுத்தவர் என்பது மறக்கற்பாலதன்று.

இனி அரசவை வழக்கு. உமாபதி சிவாசாரியார் இயற்றியதாக வழங்கும் சேக்கிழார் புராணம், அநபாய சோழன் சமண நூலாகிய சிந்தாமணியைக் கேட்டு வியந்திருந்தமையும், அமைச்சராகிய சேக்கிழார் அதனை மறுத்துச் சிவகதை கேட்குமாறு தூண்டியமையும் கூறுகின்றது. அநபாயனை இரண்டாம் குலோத்துங்கன் என்பர். அவன் ஆட்சி 1133 முதல் 1150 வரை. உமாபதியார் காலம் அவரது சங்கற்ப நிராகரணத்திற் கண்ட சகாப்தத்தால் 1313-ஐ ஒட்டியது எனத் துணியப்படும். எனவே நிகழ்ச்சிக்கும் அதனைக் கூறும் நூலுக்கும் இடையே ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் கழிந்துள்ளது. சேக்கிழார் தம் நூலில் அநபாயனைப் பலவிடத்தும் நினைக்கின்றாரேயன்றிச் சிந்தாமணியைப் பெயர் சுட்டி இகழ்ந்திலர். இவ்வுண்மையை மறைத்துவிட்டுப் பேசுதல் நூலாராய்ச்சிக்கு அழகன்று.

அது நிற்க, அப்புராணம் சொல்லும் சொற்களையே உற்று நோக்குக. நெல்லிருக்க உமி குற்றினாற் போல, கறவை நிற்க மலட்டாவைக் கறந்தாற் போல, கரும்பிருக்க இரும்பை மென்றாற் போல எனச் சிந்தாமணி கற்பார்க்கு உவமைகள் அடுக்கப்படுகின்றன. இவை யாவும் பயனைப் பற்றியவை, வாய்மையைப் பற்றியவையல்ல. உமி பொய்யன்று, மலட்டாவும் பொய்யன்று, உண்பார்க்கு அவை உதவா என்பதே கருத்து. அடுத்து நோக்கற்பாலது, கதையைக் குறிக்கும் இடங்களில் வரும் ‘மெய்’ என்னும் சொல். கற்பார் அதனை மெய்யென்று கொண்டனர். அரசனும் மெய்யென்று கேட்டான் என்பதே ஆண்டுள்ள குற்றச்சாட்டு. சீவகன் மகளிர் எண்மரை மணந்த கதையைக் காவியமாகக் கேட்டிருப்பின் அமைச்சர்க்கு வருத்தம் இவ்வளவு நேர்ந்திராது. அரசன் அதனை வரலாறாகக் கொண்டான். கொண்ட அளவிலேயே புனைவு பொய்யாயிற்று. புராணகாரர் சமணரைக் கடிந்துரைக்கும் வன்சொற்கள் அக்காலச் சமயப் பூசலுக்கு உரியன. அவற்றை இந்நாளில் எடுத்து வழங்குதல் வேண்டா. வன்சொல்லை நீக்கிப் பார்க்குங்கால் எஞ்சுவது ஒரு நுண்ணிய கருத்து: பொய்ம்மை கதையினிடத்து மட்டும் உள்ளதன்று, கேட்பான் அதனைக் கொள்ளும் முறையினும் உள்ளது.

பிற்காலத்துச் சைவப் புலவர் பலர் இந்நுட்பத்தைக் கைவிட்டு வன்சொல்லைப் பற்றிக்கொண்டனர். அதனால் விளைந்த இழப்புச் சிறிதன்று. திருவாவடுதுறை ஆதீன வித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்ற சாமிநாதையர், 1880-இல் கும்பகோணத்தில் சேலம் இராமசாமி முதலியார் வினவிய அன்று, சிந்தாமணியைப் படித்திலேன் என்று கூற நேர்ந்தது. அந்தாதியும் பிள்ளைத்தமிழும் கோவையும் புராணமும் அளவின்றிக் கற்றவர், விருத்தப்பாவாற் பெருங்காப்பியம் செய்யும் நெறியைத் தமிழிற் பரக்கக் காட்டிய நூலை அறியாதிருந்தார். திருத்தொண்டர் புராணமும் அவ்விருத்தப்பாவாலேயே இயன்றது. பின்னர் அவர் சமண அன்பர்களை அடுத்து ஐயம் தீர்த்து, 1887-இல் அந்நூலை நச்சினார்க்கினியர் உரையுடன் பதிப்பித்தமை தமிழுலகம் போற்றுவது. அதனால் அவர் சிவபத்தி குறைந்தவராயினர் என்று சொல்வார் எவருமிலர். மீனாட்சிசுந்தரம் பிள்ளையோ ‘சேக்கிழார் பிள்ளைத்தமிழ்’ பாடியவர். அறிவாலும் அரசியலாலும் முதிர்ந்த அமைச்சரைத் தொட்டிலிற் கிடத்தித் தாலாட்டியும், சப்பாணி கொட்டுவித்தும், அம்புலியை அழைத்தும் பாடுதல் புனைவின் எல்லையன்றோ? அதனைப் பொய்யென்பார் யார்? பாடுவானும் கேட்பானும் அறிந்தே உடன்பட்டது அது. அவ்வுடன்பாடு புனைவுக்கு இலக்கணம். கேட்பானுக்கு அவ்வுடன்பாட்டை மறைத்து, உள்ளதென நம்புவித்தல் பொய்க்கு இலக்கணம்.

இவ்வேற்றுமையை விளக்க ஏட்டைப் புரட்ட வேண்டுவதில்லை, செம்பரம்பாக்கத்திலேயே சான்றுண்டு. 2015 டிசம்பர் முதல் நாள் பெருமழையில் அவ்வேரியினின்று வினாடிக்கு 29,000 கனஅடி அளவு நீர் திறக்கப்பட்டு அடையாற்றின் வழியே சென்னையின் பல பகுதிகளை மூழ்குவித்தது. அது மெய். ஏரிக்கரை உடைந்துவிட்டது என்னும் சொல்லும் அக்காலத்தே ஊரெங்கும் பரந்தது. கரை உடைந்திலது. அச்சொல்லைக் கட்டினவன் பெயர் இல்லை. இது கதையென்னும் குறிப்பு அதன்கண் இல்லை. கேட்டவர் மெய்யென்று கொள்ளவேண்டும் என்பதே அதன் உள்ளுறை. அவ்வேரியின் கரையிலமர்ந்து, கரை உடைவதாக ஒரு புலவன் காவியம் செய்திருப்பின் எவரும் பெட்டி படுக்கையுடன் ஓடியிரார். நிகழ்ச்சி ஒன்றே, சொல்லும் கேள்வியும் வேறு.

சித்தாந்திக்கு இங்கே ஒரு தடை எழும். ‘பிக்ஷன்’ என்பதற்குக் ‘கற்பனை’ என்றும் பெயர் வழங்குகின்றனர். கற்பனை, கற்பிதம் என்பன மாயாவாதியின் சொற்களாயிற்றே. கயிற்றில் அரவு கற்பிக்கப்படுதல் போல உலகம் கற்பிதம் என்பானுக்கு நாம் இடங்கொடுத்தலாகாதே எனின், அத்தடை தக்கதே. ஆதலின் இலக்கியத்தைக் குறிக்குமிடத்துக் ‘கற்பனை’யினும் ‘புனைவு’ என்பதே சைவர்க்கு ஏற்புடைத்து. உலகம் உள்பொருள், இல்லது தோன்றாது என்பது சற்காரியவாதம். குடத்திற்கு மண் முதற்காரணம், தண்ட சக்கரம் துணைக்காரணம், குலாலன் நிமித்த காரணம் என மூன்று காட்டுவது சித்தாந்தத்தில் வழிவழி வந்த எடுத்துக்காட்டு. இலத்தீன் சொல்லின் வேரிற் கண்ட குயவனே இங்கும் வந்து நிற்கின்றான். கதைக்கும் இம்முறை பொருந்தும். உலகில் நிகழ்ந்தனவும் நிகழத்தக்கனவும் மண், மொழியும் யாப்பும் தண்ட சக்கரம், புலவன் குலாலன். முயற்கோடு என்பதுங்கூட முயலும் கோடும் தனித்தனி உள்ளன என்னும் அளவில் நின்றே பேசப்படுகின்றது. நச்சினார்க்கினியர் ‘எக்காலத்தும் எவ்விடத்தும் இல்லாதது’ என்று விலக்கியதும் இதனையே. அவர் இலக்கணம் எழுதினார். சாத்திரத்தின் முடிபு அவர் உரையிற் படிந்து கிடக்கின்றது.

‘பிக்ஷன்’ என்னும் சொல்லை நீதிமன்றத்தாரும் ஆள்வர். அது ‘சட்டப் புனைவு’ எனத் தமிழில் வழங்கும். செம்பரம்பாக்கத்தின் மேற்கே ஸ்ரீபெரும்புதூரும் ஒரகடமும் இன்று ஆலைகளால் நிறைந்துள்ளன. அவ்வாலைகளை உடையன பெரும்பாலும் கம்பெனிகள். கம்பெனிக்குக் கையில்லை, காலில்லை. நிலம் வாங்கும், கடன்படும், வழக்காடும். அது தன் பங்குதாரரின் வேறாய தனி ஆள் என்று 1896-இல் இங்கிலாந்துப் பிரபுக்கள் சபை ஒரு வழக்கில் உறுதிசெய்தது. அவ்வாறே கோயில் மூர்த்தியும் வழக்காடுதற்குரிய ஆள் என்று 1925-இல் பிரிவி கவுன்சில் வங்காளத்து வழக்கொன்றிற் கூறியது. பத்தூர்க் கோயிற் புதையலினின்று 1976-இல் வெளிப்பட்டுக் கடல்கடந்து விலைப்பட்ட நடராசத் திருமேனியை 1991-இல் இலண்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் மீட்டளித்தது. ஆங்கிலச் சட்டம் அறியாத அவ்வாதியை, இந்நாட்டுச் சட்டத்தின்படி ஆளென ஏற்றே அது தீர்ப்பளித்தது. அவ்வாண்டிலேயே திருமேனி தமிழகம் திரும்பியது. இதனைக் கேட்டு, இறைவனைப் புனைவென்றனரே என்று சைவர் நோதல் வேண்டா. ஆண்டவன் உளனா என்பதை அச்சட்டம் ஆராயவில்லை; வழக்காடுதற்கு அவனை எவ்வாறு கொள்வது என்பதையே வகுத்தது. பொய்யாகக் கருதியிருந்தால் நடராசர் திரும்பியிரார்.

மீண்டும் திருத்தொண்டர் புராணத்திற்கு வருக. சேக்கிழார்க்கு முன்னர் மண் இருந்தது. சுந்தரமூர்த்திகளின் திருத்தொண்டத்தொகை, நம்பியாண்டார் நம்பியின் அந்தாதி, மூவர் பதிகங்கள், ஊர்தோறும் வழங்கிய செய்திகள் ஆகியன அது. சிறுத்தொண்டர் புராணத்தில் அவர் மன்னவற்காகப் படையெடுத்து வாதாபி நகரை அழித்தமை கூறப்படுகின்றது. நரசிம்மவர்ம பல்லவன் வாதாபி கொண்டது 642-ஐ ஒட்டிய செய்தி. வாதாபியிலேயே அவன் கல்வெட்டு உளது. ஐந்நூறு ஆண்டு கழித்து எழுதியவர் அதனைத் தவறின்றிப் போற்றி வைத்தார். அதே புராணத்தில் வரும் பிள்ளைக்கறி நிகழ்ச்சிக்குக் கல்வெட்டுச் சான்று தேடுவார் பெறுவது ஒன்றுமில்லை. ஒரே புராணத்துள் இரண்டும் அருகருகே நிற்கின்றன. ஆதலின் நூல் முழுதையும் ஒரு தட்டில் எறிதல், எறிவார் எத்திறத்தாராயினும், சோம்பலின் விளைவு.

திருநீலகண்டக் குயவனார் வரலாறு இதற்கு இன்னும் தகுந்தது. தொகையில் அவர்க்குக் கிடைத்தது பெயரளவு. அந்தாதியில் ஒரு பாட்டு. சேக்கிழாரிடத்தில் நாற்பதுக்கு மேற்பட்ட செய்யுட்கள். மனைவியார் ‘எம்மை’ என்று பன்மையாற் கூறிய ஒரு சொல்லைப் பற்றி, மகளிர் யாவரையும் மனத்தானும் தீண்டேன் என அவர் கொண்ட உறுதியும், இருவரும் ஒரு மனையில் முதுமைகாறும் தீண்டாது வாழ்ந்தமையும் அவற்றுள் விரிக்கப்படுகின்றன. பின்னர் இறைவன் சிவயோகியாய் வந்து ஓர் ஓட்டினைத் தந்து, தானே அதனை மறைத்து, குயவனாரைக் கள்வரென்று தில்லைவாழந்தணர் முன் வழக்கிடுகின்றான். களவு செய்யாதவனைக் கள்வனென்றல் உலகியலிற் பொய்யே. ஆயினும் குளத்தில் மூழ்கி எழுந்த தம்பதியர் இளமை பெற்று நிற்க, யோகி மறைந்து விடைமேல் அம்மையுடன் தோன்றுகின்றான். ஓட்டின் கதையைத் தொடுத்தவனே அதனை அவிழ்த்தும் காட்டினான். இருவரும் நெடுநாள் ஒளித்து வைத்திருந்த மெய்யை அந்தணர் அவையிலே அவர்தம் வாயாலேயே சொல்லுவித்தது அந்நாடகம். ஏரி உடைந்தது என்று பரப்பினவன் இன்றுவரை வெளிப்பட்டு, கட்டியவன் யானே என்று சொன்னதில்லை.

ஓடும் குயவனும் மண்ணும் நிறைந்த இப்புராணத்தில், சேக்கிழார் எத்துணை மண்ணைத் தொகையினின்றும் தில்லை வழக்கினின்றும் பெற்றார், எத்துணை தம் கையால் வனைந்தார் என்பதைச் செய்யுள் செய்யுளாகப் பிரித்துக் காட்டுதல் கற்றார் கடன். அறுபத்து மூவர் புராணங்களுள் அவ்வாறு முற்றப் பிரித்தாராயப்பட்டன மிகச் சில.